பின்னணிச் சத்தம்

ஜூன் 3, திங்கள்

இன்றும் நான் கேம் ஆடுவதை நேரலையாகக் காட்டும் ஸ்ட்ரீம் திக்கியது. என் திரையில் ஆட்டம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. பார்க்கிறவர்களுக்குத்தான் படம் உறைந்து உறைந்து போகிறதாம். என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதாம். "நீரோ கேமிங்கா, போட்டோ கேமிங்கா?" என்று என் சேனல் பெயரை வைத்து ஒருவன் சாட்டில் கேட்டான். நன்றாகத்தான் கேட்டான்.

காரணம் தெரிந்ததுதான். என் கம்ப்யூட்டரில் இருப்பது நாலு கோர் பிராசஸர். ஆட்டத்தை ஓட்டுவது ஒரு வேலை. அதே நேரத்தில் அதைச் சுருக்கி இணையத்துக்கு அனுப்புவது இன்னொரு வேலை. நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் இரண்டாவது வேலையை அதன் தலையில் கட்டிவிடலாம். என் கார்டு கிழடு. அதனிடம் கொடுத்தால் படம் களிமண்ணாக வருகிறது. அதனால் இரண்டு வேலையும் பிராசஸருக்கே. ஒரே ஆள் சமைத்து, பரிமாறி, பாத்திரமும் கழுவுகிற மாதிரி.

மதியம் வஜ்ரா ஈஸ்போர்ட்ஸ் என்கிற கேமிங் கம்பெனியிலிருந்து ரித்விக் பேசினான். அவர்களுக்குத் தமிழில் ஒரு ஸ்ட்ரீமர் வேண்டும். மூன்று பேரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள், அதில் நான் ஒருத்தி. பத்தாம் தேதியிலிருந்து இரண்டு வாரம் தினமும் மூன்று மணி நேரம் ஸ்ட்ரீம் செய்து காட்ட வேண்டும். பிடித்தால் மாதச் சம்பளம், அடையாள அட்டை, எல்லாம்.

"கன்டென்ட் சூப்பர் நிரோ. ரெண்டே விஷயம். படம் ஸ்டக் ஆகக் கூடாது. பேக்ரவுண்ட் சத்தம் இருக்கக் கூடாது. நேத்து யாரோ சண்டை போடுறாங்க, வாட்டர் லாரி ஹாரன் அடிக்குது... விளம்பரம் தர்ற பிராண்ட்ஸ் கேள்வி கேப்பாங்க. நீங்க எங்க ஸ்டே பண்றீங்க?"

"ஓ.எம்.ஆர். பக்கம்."

"ஓ, நைஸ். அபார்ட்மென்டா?"

"ஆமா. ஃபிப்த் ஃப்ளோர்."

ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

சனிக்கிழமையே சூப்பர் மார்க்கெட் பில்லிங் வேலையை விட்டுவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 5, புதன்

ஸ்ட்ரீமின் நடுவில் சாட்டில் வரிசையாக வந்து விழுந்தது: "சிஸ், யாரோ தட்டுறாங்க." "அக்கா, கதவு." "யாரோ சாவி சாவின்னு கத்துறாங்க." ஹெட்போன் போட்டால் எனக்கு வெளியுலகம் கிடையாது. மைக்குக்குக் கேட்கிறது, அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் எனக்கு எழுதிச் சொல்கிறார்கள். எழுந்து போய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். லிஃப்டுக்குள் காய்கறிப் பையோடு பச்சையம்மா அத்தை.

"இன்னாடி, காது அடச்சுபோச்சா? உள்ள வெந்துட்டேன்!"

எங்கள் குடியிருப்பு எட்டு மாடி. லிஃப்டுக்கு ஆபரேட்டர் உண்டு என்று சொல்லித்தான் ஆற்றங்கரையிலிருந்து எங்களை லாரியில் அள்ளிக்கொண்டு வந்து இங்கே கொட்டினார்கள். முதல் வருடத்தோடு ஆபரேட்டர் காணாமல் போனார். மாட்டிக்கொண்டால் கூப்பிடச் சொல்லி ஒரு நம்பர் ஒட்டியிருக்கிறது. அது அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் எங்கள் ஆட்களே லேத்தில் கொடுத்து லிஃப்ட் கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி அடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு சாவி இருக்கும். சாவி இருக்கிற வீட்டில் யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும், சத்தம் கேட்டால் ஓட வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம். ஐந்தாவது மாடியில் அந்த வீடு எங்களுடையது.

திரும்பி வந்து பார்த்தால் சாட்டில் ஒருவன் "லிஃப்ட் ராணி வாழ்க" என்று போட்டிருந்தான். அவனை பிளாக் செய்தேன்.

ஜூன் 6, வியாழன்

ஆன்லைனில் பிராசஸர் ஆர்டர் போடப் பார்த்தேன். எங்கள் முகவரியைத் தட்டியதும் 'இந்த இடத்துக்கு டெலிவரி இல்லை' என்றது. சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற கண்ணாடிக் கட்டடத்துக்கு உண்டு. பின்கோடு ஒன்றுதான். சாலை ஒன்றுதான். பீட்சாகூட அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும்.

பஸ் பிடித்து ரிச்சி தெருவுக்குப் போனேன். சாதிக் அங்கே செகண்ட்ஹேண்ட் கம்ப்யூட்டர் கடையில் இருக்கிறான். பள்ளியில் எனக்குப் பின்பெஞ்சு. என் மதர்போர்டிலேயே உட்காரும் ஆறு கோர் பிராசஸர் ஒன்றை எடுத்து வைத்திருந்தான். யாரோ பணக்காரப் பையன் சலித்துப்போய்த் தள்ளிவிட்டது.

"இது போட்டா அந்த சத்தம் எடுக்குற சாஃப்ட்வேர் ஓடுமா?" என்றேன்.

"எது, நீ பேசுறத மட்டும் வுட்டுட்டு மத்த எல்லாத்தையும் தொடைக்குமே, அதுவா? ஓடும். அது சும்மா இல்ல நிரோ, பிராசஸரத் தின்னும். உன் நாலு கோர்ல போட்டா ஆட்டம் படுத்துக்கும். இதுல ஆட்டம் ஓடும், ஸ்ட்ரீம் ஓடும், அதுவும் ஓடும். பக்கத்துல கொட்டு மேளமே அடிச்சாலும் ஜனங்களுக்கு உன் குரல் மட்டும் தான்."

எனக்கு வேண்டியது படம் திக்காமல் இருப்பது. சத்தம் போவது கூடுதல் வசதி, அவ்வளவுதான்.

"இந்தா பாரு, ரெண்டு விஷயம்," என்றான் சாதிக். "ஒண்ணு, பழைய பிராசஸர் உள்ள இருக்கும்போதே பயாஸ, அதான் போர்ட எழுப்பி வுடுற புரோகிராம, அப்டேட் பண்ணிரு. பழைய பயாஸுக்குப் புதுசு யாருன்னே தெரியாது. ரெண்டு, கூலரக் கழட்டறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் கேம் போட்டுச் சூடேத்து. அப்புறம் திருகி எடு. நேரா இழுத்தியோ, காஞ்ச பேஸ்ட் புடிச்சுகினு பிராசஸரும் கூடவே வந்துரும்."

"தெரியும்டா."

"உனக்குத் தெரியாதது இன்னா இருக்குது."

ஜூன் 8, சனி

நேராக இழுத்தேன்.

சூடேற்றவில்லை. பயாஸும் அப்டேட் செய்யவில்லை. காலையில் அம்மா வேலைக்குப் போனதும் எடுத்துத் திறந்தேன், எனக்குப் பொறுமை இல்லை. கூலரைப் பிடித்துத் தூக்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம். சாக்கெட் காலி. கூலரின் அடியில் பல்லைக் காட்டிக்கொண்டு ஒட்டியிருந்தது பழைய பிராசஸர். ஒரு மூலையில் பின்கள் சாய்ந்து படுத்துவிட்டன.

தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து சாதிக்குக்குப் போன் போட்டேன்.

"இழுத்துட்டியா?" என்றான். நான் இன்னும் ஹலோகூடச் சொல்லவில்லை.

குச்சி போடுகிற பென்சிலிலிருந்து குச்சியை எடுத்துவிட்டு அந்தக் குழாய் முனையைப் பின்னில் மாட்டி நிமிர்த்தச் சொன்னான். மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். ஒன்று உடைந்தாலும் இரண்டு பிராசஸரும் வீண். பழையது உயிரோடு இருந்தால்தான் புதியதை இந்த போர்டுக்கு அறிமுகம் செய்து வைக்க முடியும்.

மதியம் மாட்டினேன். பொத்தானை அழுத்தினேன். ஓடியது. வாயை மூடிக்கொண்டு மறுபடியும் அழுதேன்.

ஜூன் 9, ஞாயிறு

பயாஸ் அப்டேட் ஆகிற சில நிமிடத்தில் கரண்ட் போனால் போர்டு செத்தது. எங்கள் பிளாக்கில் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. யுபிஎஸ் வேண்டும். கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எபநேசர் அண்ணனிடம் கேட்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவர், வெள்ளைச் சட்டையோடு அதைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வந்துவிட்டார். இன்று லிஃப்ட் ஓடவில்லை. அவர் வீடு எனக்கு மேலே ஏழாவது மாடி.

"புடி. உள்ள பேட்டரி புதுசு. உன் கம்ப்யூட்டர் பொழைக்கட்டும், நான் சாவுறேன்," என்று வாசற்படியில் உட்கார்ந்து பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை இழுத்தார். அவருக்கு வீசிங்.

"சொல்லியிருந்தா நான் வந்து எடுத்திருப்பேன்ல அண்ணா."

"நீ எடுத்துகினு வர்றதா! நீயே கால் கிலோ கத்திரிக்கா கணக்கா கீற." அப்டேட் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். திரையில் சதவீதம் ஏறுவதை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சத்தமாகப் படித்தார். நூறு வந்ததும் கைதட்டினார். "மேல வந்துட்டா எங்கள மறந்துராத. என் பொண்டாட்டி ஸ்டெல்லாவுக்கு உன் வீடியோன்னா உசுரு. ஒண்ணும் புரியல, ஆனா நல்லா பேசுது பொண்ணுன்னுவா."

சாயங்காலம் ஆறு கோர் உட்கார்ந்துவிட்டது.

ஜூன் 10, திங்கள்

ஸ்ட்ரீமுக்கு முன்னால் சோதித்துப் பார்த்தேன். அம்மாவை வேண்டுமென்றே எவர்சில்வர் குடத்தைக் கீழே போடச் சொன்னேன். பதிவில் ஒன்றும் இல்லை. வராந்தாவில் பிள்ளைகள் கிரிக்கெட், இல்லை. பக்கத்து வீட்டு டிவி, இல்லை. என் குரல் மட்டும், பஞ்சில் வைத்த மாதிரி.

"நான் பேசுறதும் கேக்காதா?" என்றாள் அம்மா.

"கேக்காது."

"அப்ப நான் வூட்லயே இல்லன்னு வெச்சுக்கோ." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை அவளுக்கு. அங்கேயும் அப்படித்தான், அவள் துடைத்துக்கொண்டிருக்கும்போது யாரும் அவளைப் பார்ப்பதில்லை.

வேலையை விட்டதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "ரெண்டு வாரம்," என்றாள். "அதுக்கு மேல நான் சும்மா இருக்க மாட்டேன்."

கதவைத் தாழ் போட்டு, அடியில் பழைய சேலையைத் திணித்துவிட்டு உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம். ஒரு பிரேம்கூட விடுபடவில்லை.

ஜூன் 14, வெள்ளி

பார்க்கிறவர்கள் இரட்டிப்பாகிவிட்டார்கள். "எந்த ஸ்டுடியோ சிஸ்?" என்று ஒருவன் கேட்டான். "சொந்த ஸ்டுடியோ ப்ரோ," என்றேன்.

போன வருடம் ஒரு கால் சென்டருக்கு இன்டர்வியூ போனேன். மூன்று சுற்று தேறினேன். கடைசியில் ஒருத்தி என் விண்ணப்பத்தைப் பார்த்தாள். "அந்த ஏரியாவா நீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். பிறகு அழைப்பதாகச் சொன்னார்கள். குணா, பச்சையம்மா அத்தையின் மகன், நன்றாக வண்டி ஓட்டுவான். முகவரியைப் பார்த்துவிட்டு இரண்டு கம்பெனிகள் அவனை அனுப்பிவிட்டன. எங்கே கொண்டுவந்து கொட்டினார்களோ அதையே காரணம் காட்டிக் கதவைச் சாத்துகிறார்கள். பேரைச் சொன்னாலே பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த இடத்தின் பெயரை இந்த நாட்குறிப்பில்கூட எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகவே துடைத்தேன். அதில் என்ன தப்பு? அவர்கள் கேட்கிற சுத்தத்தை ஆறு கோர் கொடுக்கிறது.

ஜூன் 19, புதன்

எபநேசர் அண்ணன் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம்.

எனக்குக் கேட்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

நடந்தது இது. நேற்று நாலு மணிக்கு அண்ணன் கடையிலிருந்து வீட்டுக்கு ஏறினார். நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. லிஃப்டுக்குத் தனி லைன், வீடுகளில் கரண்ட் இருந்தது, நான் ஸ்ட்ரீமில் இருந்தேன். இன்ஹேலரைக் கடையிலேயே விட்டுவிட்டார். தட்டினார், கத்தினார். பச்சையம்மா அத்தைதான் முதலில் கேட்டு வந்து என் கதவைத் தட்டியிருக்கிறாள். பூட்டியிருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்து வேறு மாடிகளுக்குப் போய்ச் சாவி தேடியிருக்கிறாள். சட்டம் இருந்தும், சாவி வைத்திருந்தவர்களெல்லாம் அன்று வேலைக்குப் போயிருந்தார்கள். கடைசியில் குணா வந்து இரும்புக் கம்பியால் நெம்பிக் கதவை உடைத்து இழுத்திருக்கிறான். அதற்குள் அண்ணனுக்கு நினைவு இல்லை. உதடு நீலமாக இருந்ததாம்.

நான் ஸ்ட்ரீமை முடித்துக் கதவைத் திறந்தபோது வராந்தாவில் இன்னும் கூட்டம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே ஆணியில் சாவி தொங்குவது வாசலிலிருந்தே தெரியும்.

"வூட்லயா இருந்த?" என்றாள் பச்சையம்மா அத்தை.

அம்மா இரவு சாப்பிடவில்லை. "காது கேக்காத மிசின வாங்கி வெச்சுகினியே," என்று மட்டும் சொன்னாள்.

கேட்காததற்கு நான் என்ன செய்ய முடியும்? ஹெட்போன் போட்டிருந்தேன். சாட்டில் யாரும் சொல்லவில்லை, அவர்களுக்கும் கேட்டிருக்காது. போன் மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தது. மூன்றாவது முறை அது அதிர்ந்தபோது ஆட்டத்தின் கடைசிச் சுற்று, ஒருத்தியாக மூன்று பேரை எதிர்த்து நின்றுகொண்டிருந்தேன், ரித்விக் வேறு பார்த்துக்கொண்டிருந்தான். தெரியாத கம்பெனிகள் நாளைக்குப் பத்து முறை கூப்பிடுகின்றன. யார் என்று பார்க்கவா முடியும்?

குற்றவாளி லிஃப்ட். குற்றவாளி அதைப் பராமரிக்கப் பணம் வாங்கிக்கொண்டு வராதவன்.

ஜூன் 21, வெள்ளி

ஸ்ட்ரீம் செய்தேன். படம் திக்கவில்லை. சத்தம் இல்லை.

ஜூன் 22, சனி

ஸ்டெல்லா அக்காவை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். ஏற்றுமதிக் கம்பெனியில் தைக்கிறாள். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், அதனால் அவளுக்கும் தகவல் ஆறு மணிக்குத்தான் தெரிந்தது. அண்ணன் கண் திறந்துவிட்டாராம்.

"நீ சாப்ட்டியா?" என்று என்னைக் கேட்டாள். அவள் திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து பழைய பதிவுகளை அழிக்க ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் இரண்டு ஒலித்தடங்கள் பதிவாகியிருக்கின்றன. ஒன்று துடைத்தது, இன்னொன்று மைக்கில் விழுந்தது விழுந்தபடி. சாஃப்ட்வேரை ஏற்றிக் கொடுத்தபோது சாதிக்தான் செட்டிங்கில் அப்படி வைத்திருக்கிறான். சாஃப்ட்வேர் என் குரலையே தின்றுவிட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று. இந்த பிராசஸருக்கு அதற்கும் சக்தி மிச்சம் இருக்கிறது.

புதன்கிழமையின் இரண்டாவது தடத்தைப் போட்டேன்.

முதலில் ஒரு முட்டல். பிறகு தகரத்தை அறைகிற சத்தம். பிறகு, தெளிவாக, "நிரோ... ஏ நிரோ... சாவி எடுத்தா பாப்பா." அதன் மேலேயே என் குரல்: "வாங்க மக்களே வாங்க, இன்னிக்கு ஒரு சம்பவம் இருக்கு!" அவர் கூப்பிடுகிறார். நான் சிரிக்கிறேன். பச்சையம்மா அத்தை என் கதவைத் தட்டுகிறாள். நான் ஒரு பாட்டை முணுமுணுக்கிறேன். போகப் போக அவர் என் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு வெறுமே தட்டுகிறார். பிறகு இருமல். முதல் தட்டலிலிருந்து குணாவின் கம்பிச் சத்தம்வரை ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது.

அதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

கடைசி நாள். முடிந்தது.

ஜூன் 25, செவ்வாய்

ரித்விக் பேசினான். "கங்கிராட்ஸ் நிரோ! நீங்கதான். உங்க ஆடியோ குவாலிட்டிதான் டிசைட் பண்ணுச்சு, தெரியுமா? மத்த ரெண்டு பேரும் மார்க்கெட்ல உக்காந்து பண்ற மாதிரி இருந்துது." ஒப்பந்தம் அனுப்புவார்களாம். வெள்ளிக்குள் அட்ரஸ் புரூஃப் அனுப்ப வேண்டும். வீட்டுக்கு ஒருவர் வந்து 'செட்-அப்' படம் எடுப்பாராம்.

அம்மாவிடம் சொன்னேன். என் தலையில் கை வைத்தாள். பிறகு, "குணா மேல கேசு போடப் போறாங்களாம்," என்றாள்.

லிஃப்ட் பராமரிக்கிற ஒப்பந்தக்காரன் அறிக்கை கொடுத்துவிட்டான். லிஃப்ட் நின்றது பத்தே நிமிடமாம். அவனுடைய ஆள் கிளம்பிவிட்டானாம், அதற்குள் குடியிருப்போர் கதவை உடைத்துவிட்டார்களாம். பயணிக்கு ஏற்கெனவே நோயாம். அரசுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகக் குணா மேல் புகார். எங்கள் ஏரியா பையன் மேல் கேஸ் விழுந்தால் பிறகு அவனுக்கு எந்தக் கம்பெனியும் இல்லை. வெள்ளிக்கிழமை, இந்த வீடுகளைக் கட்டிய வாரியத்து இன்ஜினியர் விசாரிக்க வருகிறார். பத்து நிமிடம் இல்லை, ஒரு மணி நேரம் என்று நாங்கள் சொல்லலாம். நாங்கள் சொல்வதை யார் நம்புவார்கள்? எட்டு மாடியும் சேர்ந்து சொன்னாலும் அது எட்டு மாடிச் சத்தம்தான்.

என்னிடம் இருக்கிறது. நேரத்தோடு இருக்கிறது.

ஜூன் 26, புதன்

கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கூட்டத்தில் போட்டால் அரைமணியில் எல்லார் போனிலும் இருக்கும். என் குரலைக் கேட்டால் நீரோ கேமிங் என்று எவனாவது சொல்வான். ஓ.எம்.ஆர். அபார்ட்மென்ட் எது என்று தெரியும். ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவித்தபோது சிரித்துக்கொண்டிருந்தவள் என்று தெரியும். எந்த பிராண்ட் அதற்குப் பணம் கொடுக்கும்?

கொடுக்காவிட்டால் குணா.

ஜூன் 27, வியாழன்

சாதிக்கைக் கூப்பிட்டேன். "டேய், ஒரு ஆடியோல என் குரல மட்டும் எடுத்துட்டு மத்தத வெச்சுக்க முடியுமா?"

"மத்ததுன்னா?"

"பின்னாடி இருக்குற சத்தம். தட்டுறது, பேசுறது."

அவனுக்கும் விஷயம் தெரியும், எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பாதிப் பேர் இதே பிளாக்கில்தான். "அந்த சாஃப்ட்வேருக்கு நீ தான் மனுசி, மத்ததெல்லாம் குப்பை. அப்புடித்தான் அதப் பழக்கி வெச்சிருக்காங்க. திருப்பிச் சொன்னா அதுக்குப் புரியாது."

வேறு இரண்டு மென்பொருள்களில் முயன்று பார்த்தேன். என் குரலை எடுத்தால் அவர் குரலும் சேர்ந்து போகிறது. நான் பேசுகிற இடங்களில்தான் அவர் கூப்பிடுகிறார். மாலைவரை உட்கார்ந்தேன். பிராசஸர் கொதித்து, கூலர் கத்தியதுதான் மிச்சம்.

ஜூன் 28, வெள்ளி

காலையில் அட்ரஸ் புரூஃபை ஸ்கேன் செய்து மெயிலில் ஏற்றி வைத்தேன். அனுப்பவில்லை.

பதினொரு மணிக்கு இன்ஜினியர் வந்தார். ஒப்பந்தக்காரனும் கூட வந்தான், வெயில் கண்ணாடியைக் கழற்றாமல். எபநேசர் அண்ணன் கடைக்கு முன்னால் நாற்காலி போட்டார்கள். கடை பூட்டியிருந்தது. குணா கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"எவ்ளோ நேரம் மாட்டிகினாருன்னு ஆதாரம் ஏதாவது இருக்கா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க," என்றார் இன்ஜினியர்.

"ஒரு மணி நேரம் சார்," என்றாள் பச்சையம்மா அத்தை.

"வாட்ச் கட்டியிருந்தியாம்மா?" என்றான் கண்ணாடிக்காரன். அவனே சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான். இல்லாவிட்டால் நான் எழுந்திருப்பேனா, தெரியாது. போனையும் சின்ன ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். "என்கிட்ட பதிவு இருக்குது சார். ஆரம்பத்துலேந்து நேரம் பதிவாகியிருக்கு."

போட்டேன்.

தகரத்தை அறைகிற சத்தம் வந்ததும் கூட்டம் அடங்கியது. "ஏ நிரோ... சாவி எடுத்தா பாப்பா." அதன் மேல் நான், "வாங்க மக்களே வாங்க!" யாரோ பின்னால் "ஐயோ" என்றார்கள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜினியர் தன் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நடுவுல சிரிக்கிறது யாரு?" என்றார்.

"நான்தான் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் குனிந்துகொண்டார். ஓடிக்கொண்டே இருந்தது. வெயில் ஏறியது, ஒருவரும் நகரவில்லை. கண்ணாடிக்காரன் இரண்டு முறை ஏதோ சொல்ல வந்தான், இன்ஜினியர் கையைக் காட்டி அடக்கினார். அரைமணி தாண்டியபோது நான் நிறுத்தினேன்.

"போதும்மா," என்றார் இன்ஜினியர். "பத்து நிமிஷம் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. முழுசையும் எனக்கு அனுப்பு. அந்தப் பையன் மேல கம்ப்ளெயின்ட் நிக்காது." குணா கட்டியிருந்த கையை விட்டான். பச்சையம்மா அத்தை என் தோளைத் தொட்டாள். நாலைந்து பேர் போனை உயர்த்திப் பிடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ஸ்பீக்கரை அணைக்கப் போனேன்.

"நிரோ," என்றாள் ஸ்டெல்லா அக்கா. கடையின் ஷட்டரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். குரலில் கோபம் இல்லை. "நேத்து தான் அவரு நல்லா பேசுனாரு. எனக்குப் போட்டாராம், நான் எடுக்கல. லிஃப்ட்காரனுக்குப் போட்டாராம், எடுக்கல. அப்புறம் உனக்கு மூணு தடவ போட்டாராம்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணாவது தடவ அடிச்சுகினே இருக்கலயாம். பாதியிலயே கட் ஆச்சாம். சிக்னல் போச்சுன்னு நெனச்சுகினாரு." என்னைப் பார்த்தாள். "நிறுத்துன எடத்துலேந்து போடு."

யாரென்று பார்க்காமலே நான் கட் செய்த அந்த இடத்துக்கு முன்பாகத்தான் நிறுத்தியிருந்தேன். சிக்னல் என்று சொல்லியிருக்கலாம். அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள், அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்ப வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள் என்று தோன்றியது.

ஸ்பீக்கரை மறுபடியும் கடைப் படியில் வைத்தேன். போட்டேன். மரமேஜை மேல் போன் அதிர்கிற சத்தம் வந்தது, மைக்குக்குப் பக்கத்தில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக.